சிவப்புப் புள்ளியில் ஓர் இட்லி வண்டி

பெங்களூரின் ஓசூர் சாலையில் பொம்மசந்திராவைத் தாண்டியுள்ள ஒரு தொழிற்பேட்டையின் காவல் நிலையத்தில், வாரத்துக்கு இரண்டு நாள் எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு. ஒரு கை உடைந்த நாற்காலி. பறிமுதல் செய்த பைக்குகள் நிற்கும் பக்கத்து ஜன்னலோரம் கிடக்கும். நான் போலீஸ் இல்லை. எந்த நடவடிக்கையால் குற்றம் உண்மையிலேயே குறைகிறது, எது வெறும் பரபரப்பு என்று தகவல்களைச் சேர்த்து அளந்து சொல்லும் ஒரு சிறிய ஆய்வுக் குழுவில் வேலை செய்கிறேன். பொறியியல் முடித்து, பிறகு புள்ளியியல் படித்தவள். ஆம்பூரில் என் அம்மா உறவினர்களிடம் “கம்ப்யூட்டர் வேலை” என்று சொல்லி வைத்திருக்கிறார்.

“ஸ்டேஷனுக்குப் போற பொண்ணுன்னு சொன்னா, எதுக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அவங்களே ஒரு கதைய முடிவு பண்ணிப்பாங்க” என்பது அவருடைய கவலை.

அந்த நிலையத்தின் சுவரில் ஒரு திரை இருக்கிறது. அவசர அழைப்புகள் எங்கிருந்து வருகின்றனவோ அந்த இடங்கள் அதில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். அழைப்பு கூடக் கூடப் புள்ளி பெரிதாகும். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே எங்கள் குழு செய்து கொடுத்த வரைபடம் அது. ரோந்து வண்டியை எங்கே அனுப்புவது, பேரிகேட் எங்கே போடுவது என்று எல்லாவற்றுக்கும் இன்ஸ்பெக்டர் அதைத்தான் பார்ப்பார். எங்கள் வேலையை மதிக்கும் ஒரு போலீஸ் அதிகாரி கிடைத்தாரே என்று எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சென்ற குளிர்காலத்தில், ஒரு பக்கச் சாலையின் பேருந்து நிறுத்தத்தில் அந்தப் புள்ளி வீங்கத் தொடங்கியது. விடிவதற்கு முன் முதல் ஷிப்ட்டுக்குப் போகும் பெண்களிடமிருந்து செல்போன் பறிப்பு. பைக்கில் இரண்டு பேர் வருவார்கள், பின்னால் இருப்பவன் கையிலிருந்து பறிப்பான், அவ்வளவுதான். புள்ளியின் நட்ட நடுவில் ஓர் இட்லித் தள்ளுவண்டி நின்றது.

இன்ஸ்பெக்டர் கன்னடக்காரர். முன்பு கோலார் தங்கவயல் பக்கம் பணியாற்றியபோது பிடித்துக்கொண்ட தமிழை என்னிடம் விடாமல் பேசுவார்.

“நோடி மேடம், பாருங்க, எல்லா கம்ப்ளெயின்ட்டும் இந்த வண்டிகிட்டதான். வண்டி இருந்தா கூட்டம் சேருது. கூட்டம் சேர்ந்தா கள்ளன் வர்றான். திங்கக்கிழமை வண்டிய எடுத்துடறோம். அந்த இடத்துல ஒரு பேரிகேட். முந்தி எவ்ளோ போன் கால் வந்துச்சு, எடுத்த பின்னாடி எவ்ளோ வந்துச்சுன்னு நீங்க அளந்து ரிப்போர்ட் குடுங்க. சூப்பரா வரும் ரிப்போர்ட்.”

“சூப்பரா வரலேன்னா, சார்?”

“அது எப்படி வராம போகும்? புள்ளி உங்களோடதுதானே!”

அறையில் இருந்த பெண் கான்ஸ்டபிள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பெங்களூர் நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், கோபம் வந்தால் உருது. எனக்கும் அவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. ஆனாலும் நான் அவரை மேடம் என்பேன், அவரும் என்னை மேடம் என்பார். யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாததால் இன்று வரை அப்படியே போகிறது. வெளியே வந்ததும் சொன்னார்:

“அந்த வண்டியில சட்னி செமையா இருக்கும், மேடம். திங்கக்கிழமைக்குள்ள ஒரு தடவை போய் சாப்ட்டுடுங்க.”

சாப்பிடுவதற்காக இல்லையென்றாலும் நான் போவதாகத்தான் இருந்தேன். எதையும் அளப்பதற்கு முன், அந்த இடத்துக்கு அந்த நேரத்தில் ஒரு முறை போய் நிற்பது என் வழக்கம். போகும்போது மனத்தில் ஒரு பட்டியல் இருக்கும்: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, யார் யாரைப் பார்க்க முடிகிறது, யார் காத்திருக்கிறார்கள், யார் அவசரத்தில் இருக்கிறார்கள், தப்பித்து ஓட எத்தனை வழிகள். கணினி இதில் எதையும் சொல்லாது.

கான்ஸ்டபிள் மேடமும் வருவதாகச் சொன்னார். சாதாரண உடையில் வரும்படி கேட்டுக்கொண்டேன். “ஐயோ, என்கிட்ட நல்ல சுடிதாரே இல்ல, எல்லாம் கல்யாணத்துக்குப் போடறது” என்றார்.

வெள்ளிக்கிழமை விடியலில் ஆட்டோ என்னை இறக்கிவிட்டபோது, அந்தச் சாலை முழுவதும் ஒரே ஒரு வெளிச்சம்தான் இருந்தது. அது அந்த வண்டியின் விளக்கு. பேட்டரியில் எரியும் வெள்ளை விளக்கை ஒரு குடைக்கம்பியின் உச்சியில் கட்டியிருந்தார்கள். கீழே இட்லிப் பானையிலிருந்து ஆவி மேலே போய் விளக்கைச் சுற்றிக்கொண்டிருந்தது. பேருந்து ஒன்று வந்து நிற்க, அடையாள அட்டை தொங்கும் பெண்கள் இறங்கி நேராக வெளிச்சத்துக்கு வந்தார்கள். பக்கத்துச் சந்தின் வாடகை அறைகளிலிருந்து நடந்து வந்தவர்களும் அங்கேதான் வந்து சேர்ந்தார்கள். இரண்டு இட்லி, நின்றபடியே ஐந்தாறு வாய், கை கழுவல், பிறகு தொழிற்சாலை வாசலை நோக்கி ஓட்டம்.

வண்டிக்காரம்மாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கலாம். எல்லோருக்கும் அவர் அக்கா. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பேச்சு.

“அக்கா, சாம்பார் ஊத்தாதீங்க, சட்னி மட்டும்.”

“ஏன், சாம்பார் மேல என்ன கோவம்?”

“ஓவர்கோட்ல சிந்துனா சூப்பர்வைசர் கத்தறாரு.”

“அவரையும் கூட்டிட்டு வா, அவர் கோட்லயும் ஊத்தறேன். அப்பறம் கத்துவாரா பாக்கலாம்.”

நானும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். சட்னி உண்மையிலேயே நன்றாக இருந்தது. கான்ஸ்டபிள் மேடத்தைக் காணோம். எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கேட்கலாம் என்று போனை எடுத்தால், அது அணைந்து கிடந்தது. நான் தங்கியிருக்கும் பிஜி விடுதியில் ஒரே ஒரு பிளக்தான் ஒழுங்காக வேலை செய்யும். இரவில் அறைத்தோழி தன் போனைப் போடுவதற்காக என்னுடையதைக் கழற்றிவிட்டிருக்கிறாள்.

“அக்கா, ஒரு போன் பண்ணிக்கலாமா? என்னோடது சார்ஜ் போயிடுச்சு.”

அவர் இட்லித் துணியை உரித்துக்கொண்டே, தலையைத் திருப்பாமல் கேட்டார்:

“வீட்டுக்கா, போலீசுக்கா?”

நான் கூப்பிட நினைத்தவர் போலீஸ்தான். ஆனால் அது இவருக்கு எப்படித் தெரியும்?

“ஏங்க்கா அப்படிக் கேக்கறீங்க?”

“போலீசுக்குன்னா நானே அடிச்சுக் குடுத்துடுவேன். கை நடுங்கும்ல பாவம்” என்றபடி குடைக்கம்பியைக் காட்டினார். அதில் நைலான் கயிற்றால் கட்டிய ஒரு செல்போன் தொங்கியது. திரையைத் தொட்டேன். உடனே திறந்துகொண்டது. லாக் இல்லை.

“லாக் போடலையாக்கா?”

“ஒவ்வொரு தடவையும் இட்லிக் கையோட நான் வந்து தொறக்க முடியுமா? அதான் எடுத்துட்டேன். கயிறு கட்டியாச்சு, போன் எங்க போகும்?”

நான் தட்டைக் கீழே வைத்தேன். அழைப்புப் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. தேவையும் இருக்கவில்லை. ஒரு மாதமாக எங்கள் திரையில் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் புள்ளி அப்படியே கண்முன் நின்றது. போனைப் பறிகொடுத்தவள் எந்தப் போனிலிருந்து போலீசைக் கூப்பிடுவாள்? இவ்வளவு எளிய கேள்வியை எங்கள் குழுவில் ஒருவரும் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, கல்யாண சுடிதாரில் கான்ஸ்டபிள் மேடம் வந்து சேர்ந்தார். சுடிதார் என்ன இருந்தாலும், அவர் நிற்கும் தோரணை போலீஸ் தோரணைதான். அக்கா அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நான் கேட்ட எதற்கும் ஒரே பதில்தான் வந்தது.

“எனக்கு ஒன்னும் தெரியாதும்மா. நான் இட்லி விக்கறேன்.”

“இப்பதானேக்கா சொன்னீங்க…”

“நான் என்ன சொன்னேன்? சட்னி நல்லாருக்கான்னு கேட்டேன்.”

இது அவருடைய பிடிவாதம் மட்டுமில்லை, சாலையோரத்தில் பிழைக்கும் எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. போலீஸ் எதைக் கேட்டாலும் தெரியாது. தெரியும் என்று சொன்னால் சாட்சி. சாட்சி என்றால் ஸ்டேஷன், கோர்ட், வியாபாரம் போன காலைகள். போன் கேட்டு ஓடி வந்த பெண்களிடமும் அவர் இப்படித்தான் சொல்லியிருந்தாராம்: என் போன்ல பேசிக்கோ, என் பேர மட்டும் எங்கயும் சொல்லாத.

கான்ஸ்டபிள் மேடம் அவசரப்படவில்லை. இரண்டு இட்லி கேட்டார். சாப்பிட்டார். இன்னும் இரண்டு கேட்டார்.

“அக்கா, நான் போலீஸ்தான். மறைக்கல. ஆனா இப்ப டூட்டியில இல்ல, பசியில இருக்கேன். இந்த மேடம் போலீஸ் இல்ல. கணக்குப் போடறவங்க. இவங்க கணக்குல உங்க வண்டிய எடுக்கணும்னு வந்திருக்கு. அது சரியா தப்பான்னு பாக்கத்தான் சீக்கிரமே எழுந்து வந்திருக்காங்க.”

அக்கா கரண்டியை வைத்தார்.

“தெரியும். முந்தாநாள் வந்து போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. போட்டோ எடுத்தாலே வண்டிய எடுக்கப் போறாங்கன்னு அர்த்தம்.”

அதன்பிறகு கொஞ்சம் பேசினார். முன்பு ஒரு கார்மெண்ட்ஸில் தையல் லைனில் இருந்தவர். முதுகு போனதும் வேலையை விட்டுவிட்டு இந்த வண்டியைப் போட்டிருக்கிறார். வேறு இடத்தில் நிறுத்தலாமே என்று நான் கேட்டதற்குச் சிரித்தார்.

“எங்க? அந்தாண்ட தள்ளிப் போனா லாரி நிக்கற இடம். அவங்க இட்லியா கேப்பாங்க? சித்ரான்னம், ஆம்லெட்டும்பாங்க. இந்தாண்ட போனா ஃபேக்டரி வாசல், செக்யூரிட்டி விரட்டுவாரு. பஸ் நிக்கற இடத்துல நான் நின்னாதான் அது இட்லி, பாப்பா. மத்த இடத்துல வெறும் மாவு.”

பொண்ணு நர்சிங் முதல் வருடம் படிக்கிறாள் என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. திங்கட்கிழமை போகப்போவது எது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

திரும்பி நடக்கும்போது கான்ஸ்டபிள் மேடம் கன்ட்ரோல் ரூமில் இருக்கும் தன் பயிற்சித் தோழியைப் போனில் பிடித்தார். அழைப்பு வந்ததும் முதலில் என்ன கேட்பீர்கள் என்று மட்டும் கேட்கச் சொன்னேன். ஸ்பீக்கரில் பதில் வந்தது.

“இது என்ன கேள்வி? ‘எல்லி இத்தீரா’தான். எங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சாத்தானே வண்டி அனுப்ப முடியும்?”

“எங்க நடந்துச்சுன்னு கேக்க மாட்டீங்களா?” என்றார் கான்ஸ்டபிள் மேடம்.

“அது ஸ்டேஷன்ல கேப்பாங்கப்பா. எனக்கு ஆள் எங்கன்னு தெரிஞ்சா போதும்.”

அவர் சொன்னதில் தவறே இல்லை. உதவி அனுப்புகிறவருக்கு ஆள் இருக்கும் இடம்தான் முக்கியம். அந்த இடத்தை எடுத்துக் குற்றம் நடந்த இடமாகப் படம் போட்டது நாங்கள். ஸ்டேஷனில் எழுதும் புகாரிலும் “இட்லி வண்டி அருகே” என்றுதான் இருக்கும். எல்லோருக்கும் தெரிந்த அடையாளம் அது ஒன்றுதானே. ஆக, பயந்துபோன பெண்கள் எந்த வெளிச்சத்தை நம்பி ஓடினார்களோ, அந்த இடத்தைத்தான் நாங்கள் சிவப்பாகப் பூசி வைத்திருந்தோம்.

ஆனால் இதுவும் அதுவரை என் ஊகம்தான். நிலையத்தில் போய் “சார், எனக்கு ஒன்று தோன்றியது” என்று சொல்ல முடியாது. அன்றும் சனி, ஞாயிறும் புகார் கொடுத்த பெண்களைத் தேடிப் போனோம். சந்துக்குள் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். முதல் கதவில் ஒரு பெண் எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

“போலீசா, சர்வேயா? சர்வேன்னா நேத்துதான் கொசுக்காரங்க வந்துட்டுப் போனாங்க.”

எங்கள் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். வாயால் சொல்ல வேண்டாம். கூடவே நடந்து வந்து, பறித்த இடத்தில் நின்று காட்டுங்கள். வாயால் கேட்டால் எல்லோரும் இட்லி வண்டிப் பக்கம் என்றார்கள். நடக்கச் சொன்னால் ஒருவர்கூட வண்டி வரை போகவில்லை. சந்து முடிந்து, ஒரு மூடிய தொழிற்சாலையின் நீண்ட சுற்றுச்சுவர் திரும்பும் வளைவில் நின்றார்கள். அங்கே தெருவிளக்குக் கம்பம் இருந்தது. விளக்கும் எரிந்தது. ஆனால் ஒரு தூங்குமூஞ்சி மரம் அதை முழுசாக விழுங்கி வைத்திருந்தது. சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவில் பைக் நுழையும் ஓர் இடைவெளி. அது நேராக சர்வீஸ் ரோட்டில் போய் விழும்.

“இங்கதான்க்கா. நான் எங்க அம்மாகிட்ட பேசிட்டே வந்தேன். பின்னாடி வண்டிச் சத்தம். திரும்பறதுக்குள்ள போச்சு.”

“அப்பறம்?”

“அப்பறம் என்ன, இங்க நின்னு யாருக்கு போன் பண்றது? போனே இல்லையே. அக்கா வண்டி லைட்டு தெரிஞ்சுது, ஓடினேன்.”

எல்லாமே இப்படி அழகாகப் பொருந்திவிடவில்லை. ஒரு பெண் வேறு ஒரு தெருவைக் காட்டினாள். இன்னொருத்தி பாதி தூரம் நடந்ததும் நின்று, என் காதோரம் வந்து, போன் பேருந்தில் தொலைந்தது என்றாள். பறித்தார்கள் என்று சொன்னால்தான் எழுதிக்கொள்வார்கள் என்று யாரோ சொன்னார்களாம்.

“பரவாயில்லம்மா” என்றார் கான்ஸ்டபிள் மேடம், அது காதில் விழுந்துவிட்டதால். “நாங்களும் அன்னிக்கே நம்பல.”

திங்கட்கிழமை காலை நான் நிலையத்துக்குப் போனபோது இன்ஸ்பெக்டர் உற்சாகமாக இருந்தார். மாநகராட்சி ஆட்களின் வண்டி கிளம்பிவிட்டதாம், முற்பகலுக்குள் வேலை முடிந்துவிடுமாம். நான் மடிக்கணினியைத் திறந்து, பழைய படத்தையும் பெண்கள் நடந்து காட்டிய இடங்களை வைத்துப் போட்ட புதிய படத்தையும் அருகருகே வைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் அசையவில்லை.

“நாலு பேர் நடந்து காட்டினா ஆச்சா, மேடம்? மேல சொல்லியாச்சு, வண்டி எடுக்கறோம்னு. இப்ப இல்லேன்னு சொன்னா, ஏன்னு கேப்பாங்க. எடுத்துட்டே பாப்போமே. தப்புன்னா உங்க ரிப்போர்ட்லயே தெரிஞ்சுடும்ல?”

“தெரியாது, சார். அதான் பயம்.”

“ஏன் தெரியாது?”

“வண்டிய எடுத்துட்டா பறிப்பு குறையாது. கால் குறையும். போன் போனவங்க கூப்பிட போன் இருக்காது. வெளிச்சம் வேற போயிடும். பாதிப் பேர் அழுதுட்டு வேலைக்குப் போயிடுவாங்க. நம்ம மேப்ல புள்ளி சின்னதாகும். நான் நல்ல பலன்னு ரிப்போர்ட் எழுதுவேன். உங்களுக்கும் பாராட்டு வரும், எங்களுக்கும் வரும். அப்பறம் ஊர்ல இருக்கற எல்லா ஸ்டேஷன்லயும் வண்டிய எடுக்கச் சொல்வாங்க.”

வெளியே வயர்லெஸ்ஸில் யாரோ எதையோ கரகரத்துக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் சுவர்த் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அய்யய்யோ” என்றார் மெதுவாக. “இது கள்ளனைவிட டேஞ்சர், மேடம்.”

போனை எடுத்து, கன்னடத்தில் யாரிடமோ பேடா, பேடா, வேண்டாம் என்று சொல்லி நிறுத்தினார். எதிர்முனையில் இருந்தவர் காரணம் கேட்டிருக்க வேண்டும். “வண்டி போலீஸ் கேஸ்ல சாட்சி” என்றார். நான் திடுக்கிட்டேன். அக்கா எதற்குப் பயந்தாரோ அதுவேதான். போனை வைத்ததும் கண் சிமிட்டினார். “சும்னே சொன்னேன். வண்டியத்தான் சாட்சின்னேன், ஆளை இல்ல. வண்டிய கோர்ட்டுக்குக் கூப்பிட மாட்டாங்க.”

வெறும் போனோடு விட்டால் போதாது, ஆட்கள் பாதி வழியில் இருப்பார்கள் என்று கான்ஸ்டபிள் மேடம் ஸ்கூட்டரை எடுத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாநகராட்சி லாரி சாலை முனையில் ஏற்கெனவே நின்றிருந்தது. ஓட்டுநர் போனில் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு லாரி மெதுவாகப் பின்வாங்கித் திரும்பிப் போனது. அக்கா பானைகளை எல்லாம் இறக்கிக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். அவர்கள் தூக்கி எறிவதற்குள் தானே இறக்கிவிடலாம் என்று நினைத்திருக்கிறார்.

“அப்ப இங்கயே நிக்கலாமா?”

“நிக்கலாம்க்கா” என்றேன்.

“எழுத்துல குடுப்பாங்களா?”

கான்ஸ்டபிள் மேடம் சிரித்தார். “எழுத்துலயா? அதெல்லாம் கெடையாது.”

“அப்ப நெசம்தான்” என்று அக்கா கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

மரக்கிளையை அந்த வாரமே வெட்ட ஏற்பாடு செய்தார்கள். அதை அளக்க வேண்டும் என்று நான் காத்திருக்கச் சொல்லவில்லை. இருட்டு வழியில் வெளிச்சம் போட ஆராய்ச்சி எதற்கு? ரோந்து வண்டி விஷயம் மட்டும் வேறு. விடியல் நேரத்தில் இருந்தது ஒரே வண்டி. அந்த வளைவைப் போலவே இன்னும் மூன்று மூலைகள் இருந்தன. எந்த மூலையில் வண்டி நின்றால் உண்மையில் பயன் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு வாரமும் சீட்டுக் குலுக்கி மூலையைத் தேர்ந்தெடுக்கலாம் என்றேன்.

“ஏனு மேடம் இது? ஸ்டேஷனா, ஏலச்சீட்டுக் கம்பெனியா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

கான்ஸ்டபிள் மேடத்தின் கேள்வி வேறாக இருந்தது. “சீட்டு விழாத மூலையில அந்த வாரம் யாருக்காவது போச்சுன்னா? நம்ம பாவம் இல்லையா?”

நல்ல கேள்வி. இப்போதும் மூன்று மூலைகளில் வண்டி இல்லை, அது யாரோ ஒருவரின் மனசுக்குத் தோன்றியபடி நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன். மனசு எப்போதும் டீ நன்றாக இருக்கும் மூலைக்கே போகும் என்று ஓட்டுநர் ஒருவர் பின்னாலிருந்து ஒப்புக்கொண்டார். அதன்பிறகு வாரா வாரம் கான்ஸ்டபிள் மேடத்தின் டிபன் டப்பாவில் நான்கு சீட்டுகள் குலுங்கின. சில வாரங்களில் சீட்டில் தக்காளிச் சாத வாசம் வரும்.

அழைப்புகளை மட்டும் நம்பவில்லை. வாடகை அறைகளில் போய், புகார் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் யாரிடமாவது பறித்தார்களா என்று நானும் இன்னொரு பெண்ணும் கேட்டு வந்தோம். கன்ட்ரோல் ரூமில் ‘எங்க நடந்துச்சு’ என்ற இரண்டாவது கேள்வி சேர்ந்தது. வெயில் காலம் முடிவதற்குள் விடை ஓரளவு தெளிந்தது. வளைவில் பறிப்பு நன்றாகவே குறைந்திருந்தது. ரோந்து வண்டி நிற்காத வாரங்களிலும்கூட. அது பெரும்பாலும் வெளிச்சத்தின் வேலை என்று நினைக்கிறேன். இரண்டு மூலைகளில் வண்டி நின்ற வாரங்கள் அமைதியாக இருந்தன. இன்னொரு மூலையில் வண்டி நின்றாலும் நிற்காவிட்டாலும் ஒன்றுதான். ரிப்போர்ட்டில் அதையும் எழுதினேன். கடைசியில் அந்த பைக் ஆட்கள் வேறு எங்கோ, வேறு ஒரு நிலையத்தில், வேறு ஒரு வழக்கில் மாட்டினார்கள். இன்ஸ்பெக்டருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். தன் கையால் பிடிக்கவில்லையே என்று.

எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பிஜியில் இப்போது எனக்கென்று ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்கிறது. நிலையத்தில் நாற்காலியின் உடைந்த கையில் யாரோ துணி சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். வேலை நாட்களில் விடியலில் எழ நேர்ந்தால் எனக்கு அது சிரமமாகவே இருப்பதில்லை; எங்கே சாப்பிடுவது என்பது முன்பே முடிவாகிவிடுகிறது.

சமீபத்தில் அப்படி ஒரு காலையில் வண்டிக்குப் போனேன். வளைவில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. அதைத் தாண்டி வந்த பெண்கள் போனில் பேசிக்கொண்டே வந்தார்கள். ஒருத்தி வீடியோ காலில் யாரிடமோ இட்லியைக் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அம்மாவிடம் பேச வேண்டும் போலிருந்தது. என் போன் பையில் முழு சார்ஜோடு இருந்தது. ஆனாலும் பழைய ஞாபகத்தில் குடைக்கம்பியில் தொங்கிய போனை எட்டித் தொட்டேன்.

திரை திறக்கவில்லை. புள்ளிகளை இணைக்கச் சொல்லிக் கேட்டது.

“லாக் போட்டுட்டீங்களாக்கா?”

“ஆமா பாப்பா. எம்பொண்ணு ரீல்ஸ் பாத்துப் பாத்தே நெட்ட காலி பண்ணிடறா.” அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “இப்பதான் யாரும் போன் கேக்கறதே இல்லையே. உனக்கு என்ன, வீட்டுக்குத்தானே? இரு, தொறந்து தரேன்.”